வெட்டுவதற்காக எழுதிய வரி

பாடத்திட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் அவன் நல்ல வார்த்தைதான் சொல்வான் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். என்னிடம் அப்படி எதுவும் கையிருப்பு இல்லை. சமுதாயக் கல்லூரியில் ஒரு படிப்பு எப்படி ஒப்புதல் வாங்குகிறது என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஊர்த் தேவையைக் கண்டறிவது, வரைவு எழுதுவது, பாடத்திட்டக் குழு, அதற்கு மேல் கல்விக் குழு, அதற்கும் மேல் பல்கலைக்கழகம். அம்புக்குறி எல்லாம் ஒழுங்காகத்தான் மேலே போகும். எல்லா ஒப்புதலும் வாங்கிய பிறகும் ஒரு படிப்பு எப்படிச் சாகும் என்று அந்தப் படத்தில் இருக்காது. அதைத்தான் நான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போய் டீ குடிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் பாடத்திட்டக் குழு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விதியில் என்ன எழுதியிருந்தாலும், அது வெளியூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் நாலைந்து பேர். ரயில் பிடித்து, சின்னசேலத்தில் இறங்கி, நம் கல்லூரி ஜீப்பில் குலுங்கி வந்து சேர்வார்கள். அவ்வளவு சிரமப்பட்டு வந்தவர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாரா? நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே ஒரு திருத்தமாவது ஏற வேண்டாமா? ஆகவே ஒவ்வொருவரும் எதையாவது வெட்டுவார்கள், அல்லது எதையாவது ஒட்டுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாப்பாடு போட்ட வீட்டில் சும்மா உட்கார மனசு வராத மனிதர்கள், அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாது. டிராக்டர் பழுதுபார்க்கும் படிப்பு ஒன்றுக்கு வரைவு எழுதினேன். தியாகதுருகம் பட்டறைகளில் எல்லாம் போய் உட்கார்ந்து, மெக்கானிக்குகளிடம் கேட்டுக் கேட்டு, பழுதில்லாமல் எழுதினேன். குழு கூடியது. குறை ஒன்றும் கிடைக்காமல் ஒரு பேராசிரியர் நெளிந்தார். கடைசியில் டீசல் எஞ்சின் பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆளுமை வளர்ச்சியைப் போடச் சொன்னார். போட்டார்கள். டிராக்டர் படிப்பு, எஞ்சின் கிடையாது, ஆளுமை உண்டு! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது எங்கள் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியே அழைத்துப் போனார். பேர் வேண்டாம். இந்தக் கல்லூரியைத் தூக்கி நிறுத்தியவர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எத்தனை பெரிய கூட்டத்திலும் ஊர்ப் பேச்சை விடமாட்டார்.

"இன்னாப்பா, இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருக்க? கொழந்தய வெளிய தூக்கினு போறப்போ கன்னத்துல ஒரு பொட்டு வெக்கிறாங்களே, எதுக்கு? பாக்கறவன் கண்ணு அது மேல போவட்டும்னுதான். நீ பொட்டே வெக்காம தூக்கினு வந்துட்ட. கண்ணு பட்டுடுச்சு."

அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொரு வரைவிலும் ஒரு பொட்டு இருக்கும். வேண்டுமென்றே தப்பாக ஒரு வரி. ஒரே பாடம் இரண்டு பருவத்தில் வரும், இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு அபத்தமாக நீளும். குழுவில் இருப்பவர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோவார். "இது இன்னா சார் இப்படி?" என்பார். நாங்கள் தலையைச் சொறிவோம். வெட்டுவார். எல்லாருக்கும் திருப்தி, மிச்சப் படிப்பு முழுசாகப் பிழைத்துவிடும். வருஷக்கணக்காக இப்படித்தான் ஒப்புதல் வாங்கினோம். எங்கள் சாமர்த்தியத்தை நினைத்து எங்களுக்கே சிரிப்பாக இருக்கும்.

பிறகு மலைக்கான படிப்பு வந்தது.

கல்வராயன் மலையில் தேவையைக் கண்டறியப் போனபோதுதான் சின்னப்பொண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் ஊருக்கு ரோடு பாதிவரைதான். பிரசவ வலி எடுத்தால் தூளி கட்டித் தூக்கித்தான் வண்டி நிற்கிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே இருக்கிற துணை சுகாதார நிலையத்து நர்சுக்கு இவள்தான் கூடமாட ஒத்தாசை. காய்ச்சல் பார்ப்பது, கட்டுப் போடுவது, எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறார்கள் என்று சொல்வது எல்லாம் சம்பளமில்லாத வேலை. சான்றிதழ் இருந்தால் உதவியாளராக எடுத்துக்கொள்கிறோம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"படிப்பு வந்துச்சுன்னா நான் இங்கியே இருந்துக்குவேன் சார்" என்றாள். "இல்லன்னா எங்க வூட்டுக்காரரு காப்பித் தோட்டத்துக்குக் கூப்புடறாரு. கொழந்தயயும் தூக்கினு போவணும். போனா அப்புறம் திரும்பறது எங்க சார்?"

அவள் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "அறுப்புக்குள்ள வந்துடுமா சார்? அது வரிக்கும் நான் பொறுத்துக்கறேன்" என்றான். நல்ல பையன்தான். தோட்டத்தில் ஏற்கெனவே முன்பணம் கேட்டு வைத்திருந்தான்.

அவளைப் போலவே பக்கத்து ஊர்களிலும் சில பெண்கள் இருந்தார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் வரைவு எழுதினேன். நோயாளி உதவியாளர் சான்றிதழ்ப் படிப்பு. மலையில் வாரச்சந்தை கூடுகிற நாளில் எல்லா ஊரிலிருந்தும் வேன் இறங்கும். அன்றைக்கும் அதற்கு மறுநாளும் மட்டும் வகுப்பு, மலையிலேயே. செய்முறைப் பயிற்சி மலையில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாம். என் சர்வீஸில் நான் எழுதியதிலேயே ஒழுங்கான வரைவு அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஒருங்கிணைப்பாளர் படித்தார். "நல்லாருக்குப்பா. பொட்டு எங்க?" என்றார். நான் வைக்கவில்லை. அவரே பேனா எடுத்து எழுதினார். 'மாணவர்கள் நூறு படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் ஆறு மாதம் முழுநேரமும் தங்கிப் பயிற்சி பெற வேண்டும்.'

நான் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். "சார், வேற எதுனா சின்னதா வெக்கலாமே."

"சின்னதா வெச்சா கண்ணுல படாது. பெருசா வெச்சாதான் பாய்ஞ்சு வந்து வெட்டுவானுங்க. நர்சிங் காலேஜ்ல இருந்து வருவாரே நம்மாளு, பயிற்சி நாளப் பாத்தாலே பாதியா வெட்டறவரு. அவருக்கு இது கறிச்சோறு. கவலைய வுடு."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நம்மாள் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்வார்.

கூட்டத்தன்று நம்மாள் வரவில்லை. அவருக்கு ஏதோ திடீர் வேலை. அவருக்குப் பதிலாக ஓர் அம்மா வந்தார்கள். பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். வெள்ளைப் புடவை, கறாரான முகம். ஜீப்பில் வரும்போதே மலையைப் பற்றி டிரைவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்களாம். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. இப்போதும் அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அந்த வரி வந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

"இந்த ஆறு மாசப் பயிற்சி. இதை யார் எழுதினது?"

ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்காத குறை. "நாங்கதாம்மா. ஜாஸ்தின்னு பட்டா கம்மி பண்ணிக்கலாங்கம்மா."

"எதுக்குக் கம்மி பண்ணணும்? நான் எத்தனையோ சான்றிதழ்ப் படிப்பைப் பார்த்துட்டேன் சார். கொஞ்ச நாள் பெஞ்சுல உக்கார வெச்சு, கையில காகிதத்தைக் கொடுத்து அனுப்பிடறாங்க. தனியா மலை மேல நின்னு ஒரு உசுரப் பாக்கப் போறவளுக்கு ஆறு மாசம் பயிற்சி இல்லன்னா எப்படி? இப்படி ஒரு வரிய எந்தக் காலேஜும் எழுதி நான் பாத்ததில்ல. இதைத் தொடாதீங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எதையாவது மாற்றியே ஆக வேண்டிய ஒருவர் படிப்பின் பெயரை மாற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சேர்த்தார். வெட்டுகிற ஆசை அதோடு தீர்ந்துபோயிற்று.

நான் எழுந்தேன். குழுவுக்கு உறுப்பினர் செயலர் நான்தான்; குறிப்பு எழுதுகிறவன் இடையில் பேசுவது வழக்கமில்லை. "அம்மா, இது கைக்கொழந்தை வெச்சிருக்கிற பொண்ணுங்களுக்குன்னு எழுதினது. கள்ளக்குறிச்சியில ஆறு மாசம் எங்க தங்குவாங்க? நம்மகிட்ட விடுதி இல்லைங்க. மலையிலயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, அங்க பயிற்சி கொடுக்கலாம்."

அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார்கள். "மலை ஜனங்களுக்குன்னா மட்டமான படிப்பு போதும்னு நெனைக்கிறீங்களா சார்?"

இந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? யோசித்து வையுங்கள், உங்களையும் ஒரு நாள் கேட்பார்கள். தப்பான கேள்வி என்றால் சண்டை போடலாம். நியாயமான கேள்வி தப்பான இடத்தில் வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வான்? சாக்குப்போக்கு எல்லாம் தீர்ந்துபோய் உண்மை மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்த வரிய நாங்க நெஜமா எழுதலைங்க. நீங்க யாராவது வெட்டுவீங்கன்னு, வெட்டறதுக்காகவே எழுதி வெச்சதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்தக் கறாரான அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் எங்கள் ஒருங்கிணைப்பாளர். என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "நம்ம செயலரு பெரிய தமாஷ் பேர்வழிங்கம்மா" என்றார். அதோடு கேசரியும் வடையும் வந்துவிட்டன. சின்னசேலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். நடவடிக்கைக் குறிப்பில் 'பாராட்டுடன், ஒருமனதாக' என்று எழுதினோம். என் கையாலேயே எழுதினேன்.

ஜீப் போன பிறகு அவர் வராந்தாவில் என்னைப் பிடித்தார். "பைத்தியமாப்பா உனக்கு? அவங்க மட்டும் நம்பியிருந்தா இத்தன வருஷம் வாங்குன ஒப்புதல் அத்தனயும் சந்தி சிரிச்சிருக்கும்."

"அந்தப் பொண்ணுங்க கதி இன்னா சார்?"

"கல்விக் குழுல எடுத்துடலாம். நான் பாத்துக்கறேன்."

கல்விக் குழுவில் எடுக்கச் சொல்லிக் கேட்டோம். வல்லுநர் குழு பாராட்டி அனுப்பிய ஒரே வரியை நாங்கள் எடுப்பதா என்றார்கள். அங்கே இருந்தவர்கள் ஒருத்தரும் மருத்துவம் தெரிந்தவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று நம்பினார்கள். பல்கலைக்கழகம் கல்விக் குழுவை நம்பியது. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. மேலே போகப் போக நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் கீழே அசட்டையாக எழுதுகிறோம். மேலே இருக்கிற ஒவ்வொருவரும் கீழே ஒருத்தன் ஒழுங்காகப் பார்த்திருப்பான் என்று கையெழுத்துப் போடுகிறார். ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒப்புதல் வந்துவிட்டால், முதல் அணி படித்து முடிக்கும் வரை ஓர் எழுத்தைக்கூட மாற்ற விதி இல்லை.

சேதி சொல்ல நானே மலைக்குப் போனேன். சுகாதார நிலையத்து வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் தலை வாரி, பூ வைத்து வந்திருந்தார்கள். நான் படித்துக் காட்டினேன். ஆறு மாதம் என்ற இடம் வந்ததும் ஒருத்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் இன்னொருத்தி. சின்னப்பொண்ணு மட்டும் கேட்டாள்.

"கொழந்தய கூட வெச்சுக்கலாமா சார்?"

"ஆஸ்பத்திரியில விட மாட்டாங்கம்மா."

"வூட்டுக்கு வந்து வந்து போய்க்கினு இருக்கலாமா?"

"முழுநேரமும் அங்கயே தங்கணும்மா."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "செரி சார், நான் சேர்றேன்" என்றாள்.

சேர்ந்தாள். மலையிலிருந்து சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து வகுப்பு நாளில் மட்டும் ஏறி வந்து போனார்கள். வகுப்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பயிற்சிக்காகக் குழந்தையைப் பால் மறக்கடித்து மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். கள்ளக்குறிச்சியில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள். சில வாரம் ஓடியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சேதி வந்தது. ஓடினாள். தேறியதும் திரும்பி வந்தாள். மறுபடி காய்ச்சல் என்று சேதி. இந்தத் தடவை மாமியார் குழந்தையைக் கையில் கொடுத்து, "படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டாள். வருகைப்பதிவு குறைந்துவிட்டது. சலுகை கேட்டு நான் எழுதினேன், அலைந்தேன், ஒருவரிடம் கத்தியும் விட்டேன். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் என்றார்கள். யார் போட்ட ஆறு மாதம்? எதற்குப் போட்டது? கேட்டால் மறுபடி சிரித்திருப்பார்கள்.

முதல் அணியில் முடித்தவர்கள் எல்லாரும் கீழ்நாட்டுப் பிள்ளைகள். தியாகதுருகம், சின்னசேலம் பக்கம். அவர்களைக் குறை சொல்லவில்லை, நன்றாகப் படித்தார்கள். ஆறு மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் பழகியதால் சென்னையில் தனியார் மருத்துவமனைகள் அள்ளிக்கொண்டு போயின. ஒருவரும் வேலைக்கு மலை ஏறவில்லை. எதற்கு ஏறுவார்கள்? கல்லூரி வாசலில் அவர்கள் படத்தைப் போட்டுப் பெரிய பேனர் வைத்தோம். அந்தப் பேனரைத் தாண்டித்தான் நான் தினமும் உள்ளே போவேன்.

திருத்தம் செய்யும் காலம் வந்ததும் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி முதல் ஆளாக எழுதிக் கொடுத்தேன். குழுவில் புதிய முகங்கள். "சார், இந்தப் படிப்புக்கு முதுகெலும்பே அதுதானே!" என்றார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளரின் பிரிவு உபசார விழாவில், அந்த ஆறு மாதப் பயிற்சியைக் கொண்டுவந்த தொலைநோக்கைப் பாராட்டி ஒருவர் பேசினார். மாலையும் கழுத்துமாக இருந்த மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்புரையில், "மலை மக்களுக்குத் தரமான படிப்பு குடுக்கணும்ன்றது என் ரொம்ப நாள் கனவு" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அதை அவர் உண்மையாகவே நம்ப ஆரம்பித்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது. அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. நாளைக்கு உங்கள் மேசைக்கு வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் வரைவில் பொட்டு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைக்காவிட்டால் டீசல் எஞ்சின் போய்விடும். எது சரி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எழுதுகிற வரி அப்படியே நிறைவேறிவிட்டால் யார் தலையில் போய் விழும் என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். அதைப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நான் பார்த்தேன், எழுந்து நின்று சொன்னேன், சிரித்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கச்சிராயபாளையம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மலையிலிருந்து வந்த பஸ்ஸில் மூட்டைமுடிச்சோடு ஒரு கூட்டம் இறங்கியது. காப்பித் தோட்டத்துக்குப் போகிற கூட்டம். சமையல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்திருந்த ஒருத்தி, "சார்!" என்று கூப்பிட்டாள். சின்னப்பொண்ணு. அந்தக் குழந்தை வளர்ந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்னொன்று இடுப்பில் இருந்தது.

"நல்லாருக்கீங்களா சார்? எளச்சுட்டீங்களே."

"நல்லாருக்கேன்மா. சுகாதார நிலையத்துல உதவியாளரா யாரு இருக்காங்க?"

"போன வருசம் கீழ்நாட்டுல இருந்து ஒரு பொண்ணப் போட்டாங்க சார். ரெண்டு மாசம் இருந்துச்சு, மாத்தல் வாங்கினு போய்டுச்சு. இப்ப யாரும் இல்ல." குறைப்பட்ட மாதிரியே அவள் சொல்லவில்லை. "நம்ம படிப்பு நல்லா நடக்குதாமே சார்? பேனர்லாம் வெச்சிருக்காங்களாமே. கேட்டு சந்தோஷமா இருந்துச்சு. எனக்குத்தான் குடுப்பின இல்லாம போய்டுச்சு."

நான் பெரிய குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவள் புருஷன் அடுத்த பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டுக் கூப்பிட்டான். சாக்கைச் சரிசெய்துகொண்டு இரண்டடி போனவள், திரும்பி நின்றாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன் சார். அந்த ஆறு மாசம், அது கொஞ்சம் கம்மியா இருந்தா நான் முடிச்சிருப்பேன்." சொல்லிவிட்டு, என்னைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று அவளே பதறிப்போய், "அதுக்கில்ல சார். பெரியவங்க எதுனா யோசிச்சுதான் போட்டிருப்பீங்க. இல்லீங்களா சார்?" என்றாள்.

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. குழந்தை அவள் புடவையை இழுத்தது. அவள் பதிலுக்காக நின்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.